நாற்பது வினாடியில் ஏறிய பைல்

பெரிய பைல் ஒன்று கம்ப்யூட்டரில் சட்டென்று ஏறிவிட்டால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் வருவதில்லை. முன்பின் தெரியாத ஆள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அதைப் பார்க்கிறேன். நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதைக் கொண்டுவந்தாய், எதை வழியில் போட்டுவிட்டு வந்தாய் என்று கேட்கத் தோன்றும்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பிள்ளைகளுக்கும், சென்னையில் இதே மாதிரி வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் மகள் ஜெயாவுக்கும் இதை எழுதுகிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் படித்தவன். உங்களுக்குத் தெரிந்த கணக்கில் கால்வாசி எனக்குத் தெரியாது. ஆனால் என் கையால் போட்ட ஒரு பட்டியலால் இருபத்தாறு குடும்பம் ஒரு மண்டபத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தவன் நான். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நம் அலுவலக வேலை உங்களுக்குத் தெரியும், ஜெயாவுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடி விசைப்படகுகளில் ஒரு பெட்டி பொருத்தியிருப்பார்கள். படகு எங்கே நிற்கிறது, மணி என்ன என்று அது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வரி அனுப்பும். ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் வரி. எல்லாப் படகுக்கும் இரண்டு வருஷத்துக்கு என்றால் கோடிக்கணக்கில் போகும். அதை வாங்கி வைத்து, மீன்வளத் துறை கேட்கிறபோது பட்டியல் போட்டுக் கொடுப்பது எங்கள் ஒப்பந்தம்.

அந்த பைலை முதலில் நான் சாதாரணக் கணக்கு ஷீட்டில்தான் திறந்தேன். அது பத்து லட்சத்துச் சொச்சம் வரியோடு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியாது. மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அப்படி ஒரு மாதம் முழுக்கப் பாதிப் படகுகள் கடலுக்கே போகவில்லை என்று அறிக்கை அனுப்பியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. யாரும் படிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு புள்ளிவிவர மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். அதில் முழு பைலும் ஏறும். ஆனால் காலையில் ஏற்ற ஆரம்பித்தால் டீ குடித்துவிட்டு வந்து, பேப்பர் படித்துவிட்டு வந்து, பிறகும் ஏறிக்கொண்டிருக்கும். சில நாள் மூச்சு முட்டி நின்றுவிடும்.

எங்களுக்குப் போனில் சொல்லிக் கொடுக்க ஒரு மேடம் இருந்தார். புள்ளிவிவரம் படித்தவர். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர்தான் வேகமாக ஏற்றும் புதுக் கட்டளையைச் சொன்னார். பழைய கட்டளை வரி வரியாக, எறும்பு மாதிரிப் போகும். புதுக் கட்டளை பைலை அங்கங்கே தொட்டுப் பார்த்து, இந்த நெடுவரிசை எண், இது பெயர், இது நேரம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு மொத்தத்தையும் ஒரே அள்ளலாக அள்ளும். அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். ஏறின பிறகு மேலே நாலு வரி, கீழே நாலு வரி பாருங்கள். அதோடு, உங்கள் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்த ஒரு விஷயத்தை அதில் தேடிப் பாருங்கள், அது சரியாக இருந்தால் மட்டும் மேலே போங்கள் என்றார். நான் முதல் பாதியை நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டாவது பாதி பெரிய மனுஷத்தனமான பேச்சு என்று பட்டது. எழுதவில்லை.

இது நடந்த வருஷம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய் ஆறாவது வாரம். நாட்டுப்படகுக்காரர்கள் துறையிடம் புகார் கொடுத்திருந்தார்கள். அவர்கள் சாயங்காலம் வலையை விட்டுவிட்டு விடியக்காலம் எடுக்கப் போவார்கள். போய்ப் பார்த்தால் வலை அறுந்து கிடக்கிறது. இரவில் விசைப்படகு ஏறாமல் அப்படி அறாது. விசைப்படகுகளுக்கோ காலை ஐந்து மணிக்கு அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போய் இரவு ஒன்பதுக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று விதி. யாரோ ஒன்பதுக்குப் பிறகும் கடலில் நிற்கிறார்கள். யார் என்று தெரிய வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் என்னிடம் வந்தார். பதினொரு மணிக்குத் துறைமுக மண்டபத்தில் கூட்டம். பத்தரைக்குள் பட்டியல் வேண்டும். இரண்டு வருஷத்தில் ஒன்பது மணிக்கு மேல் கரை சேர்ந்த படகு எது எது, என்றைக்கு, எத்தனை மணிக்கு.

பழைய கட்டளையில் போட்டால் ஏறி முடியவே மதியம் ஆகிவிடும். புதுக் கட்டளையைப் போட்டேன். நாற்பது வினாடி. திரையைப் பார்த்துக்கொண்டே வாய் பிளந்து நின்றேன். நான் எழுதி வைத்திருந்த பழைய கட்டளைக் குறிப்பில், பெட்டி அனுப்பும் நேரத்தை நம் நேரமாக மாற்றுவதற்கென்று தனியாகச் சில வரிகள் இருந்தன. புதுக் கட்டளை அந்த நெடுவரிசையை நேரமாகவே அடையாளம் கண்டு கொண்டுவந்திருந்தது. பிறகு இந்த வரிகள் எதற்கு என்று அவற்றைத் தூக்கினேன். மொத்தத்தையும் நம் நேரத்துக்குக் கொண்டுவர ஒரே ஒரு வரி போதும் என்று போட்டேன். பத்து மணிக்குப் பட்டியல் கையில்.

இருபத்தெட்டுப் படகு. அதில் இருபத்தாறு துறைமுகத்தின் வடக்குத் தளத்தில் கட்டுகிற படகுகள். தடைக்காலம் முடிந்த நாளிலிருந்து ஞாயிறு தவிர ஒருநாள் தவறாமல் தாமதம். இரவு ஒன்றே முக்கால், இரண்டு, இரண்டேகால். மிச்சம் இரண்டு தெற்குத் தளம். அவை இரண்டு வருஷத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு நாள்.

மேனேஜர் பார்த்துவிட்டு, "தினமுமா? என்ன துணிச்சல் பாத்தீங்களா" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. இந்த இடத்தில்தான் பிள்ளைகளா நீங்கள் நிற்க வேண்டும். மனுஷன் செய்கிற தப்பு விட்டு விட்டு இருக்கும். பயப்படுவான், உடம்புக்கு முடியாமல் போகும், மாமனார் வீட்டுக்குப் போவான். இருபத்தாறு பேர் நாள் தவறாமல் ஒரே மாதிரித் தப்புச் செய்தால், அவர்கள் மேல் சந்தேகம் குறைய வேண்டும். எனக்குக் கூடியது.

ஏன் கூடியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தடைக்காலத்தில் படகுகள் கரையில் நின்றபோதுதான் அந்த இருபத்தாறு படகிலும் பெட்டி பொருத்தினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். மிக்கேல் என்று ஒருவர், படகும் அவருடையதே, ஓட்டுகிறவரும் அவரே. குறுக்கே நின்றுகொண்டு விடவில்லை.

"என்னத்துக்கு இது? நான் எங்கன நிக்கேன்னு என் பொண்டாட்டியே கேக்க மாட்டா. நீங்க யாரு கேக்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் உடன்குடிப் பக்கம், கருப்பட்டி வியாபாரம் செய்த குடும்பம். கடலில் ஒருநாளும் கால் வைத்தவன் இல்லை என்பதையும் அன்று சொல்லிக் கேலி செய்தார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவன் பெட்டிக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று நான் மனதில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். பட்டியலில் மிக்கேல் படகு மூன்றாவது வரியில் வந்ததும் அந்த முடிச்சு இறுகிவிட்டது.

வடக்குத் தளத்தில் ஒரு காவலாளி உண்டு. படகு வரும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டில் பெரும்பாலும் எட்டேகால், எட்டரை, எட்டே முக்கால் என்று இருந்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்றார். நானும் ஆமாம் என்றேன். மழையிலும் உப்புக் காற்றிலும் நின்று எழுதிய மனுஷனைச் சந்தேகப்பட்டேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஏறிய பைலைச் சந்தேகப்படவில்லை.

மண்டபத்தில் ஒருபக்கம் விசைப்படகுக்காரர்கள், மறுபக்கம் நாட்டுப்படகுக்காரர்கள். நடுவில் மேஜை. துறை அதிகாரி, எங்கள் மேனேஜர், கடைசியில் லேப்டாப்போடு நான். பட்டியலில் உள்ள படகுகளுக்கு இரண்டு மாதம் டோக்கன் கிடையாது என்று அதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார். தடைக்காலத்தில் இரண்டு மாதம் கரையில் இருந்துவிட்டு, ஆறு வாரம் போய்விட்டு, மறுபடி இரண்டு மாதம். ஒரு படகை நம்பி ஏழெட்டுத் தொழிலாளி. அதைவிடப் பெரிய அடி, வலையை அறுத்தவர்கள் இவர்கள்தான் என்று ஊர் முன்னால் பெயர் வாசிப்பது.

அதிகாரி வாசிக்க வாசிக்க நாட்டுப்படகுப் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. தருவைகுளத்திலிருந்து வந்த ஒருவர், அருளப்பன், நான்கு வலை பறிகொடுத்தவர், எழுந்து நின்று மிக்கேலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே குருவானவரிடம் பூசை கண்டவர்கள் என்று பிறகு தெரிந்தது. பெட்டி பொருத்தின அன்று அத்தனை பேசின மிக்கேல், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றம் உள்ளவன் இப்படித்தான் இருப்பான் என்று அதையும் நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். சந்தேகம் பிடித்தவன் கண்ணுக்கு எதைக் காட்டினாலும் அது சந்தேகத்துக்குச் சாப்பாடுதான்.

மிக்கேல் படகின் தேதிகளை வாசிக்கும்போது, சனிக்கிழமை போனது நள்ளிரவு தாண்டி ஞாயிறு பன்னிரண்டு பத்துக்குக் கரை சேர்ந்தது என்று ஒரு வரி வந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தார். மிக்கேலின் மனைவி ரெஜினா. ஏலக்கூடத்தில் மீன் எடுக்கிறவர். சத்தம் போடாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற குரல்.

"சார், அந்தத் தேதிய இன்னொருக்க வாசிங்க."

அதிகாரி வாசித்தார்.

"அந்த ஞாயித்துக்கெழமதான் எங்க பேரனுக்கு ஞானஸ்நானம். சனிக்கெழம ஏழு மணிக்கெல்லாம் இவரு வாசல்ல நின்னு பந்தல்காரன்கூட மல்லுக்கு நின்னாரு. தெருவே பாத்துச்சு. பன்னெண்டு மணிக்குக் கடல்ல நின்னது யாரு, இவரு காவல் சம்மனசா?"

தேவதூதன் போய் நின்றானா என்று கேட்டதும் விசைப்படகுப் பக்கம் சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை. வீட்டுக்காரம்மா வீட்டுக்காரரை விட்டுக்கொடுப்பாரா என்றார். அது நியாயமான பேச்சுதான். ரெஜினா கோபப்படவில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வந்த நேரம் போட்டிருக்கீங்க. போன நேரம் போட்டீங்களா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அதப் பாத்துச் சொல்லுங்க. ஒரு மனுசன் எப்ப வந்தாங்கிறத மட்டும் பாத்தா எப்படி?"

மேனேஜர் குனிந்து, பேசாமல் இருங்கள், கேட்டது வந்த நேரம் மட்டும்தான், நாம் கொடுத்துவிட்டோம் என்று என் காதில் சொன்னார். அவர் சொன்னது சரி. கேட்டதைத்தான் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்னை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. எனக்கு அப்போதுகூட அந்தப் பட்டியலில்தான் நம்பிக்கை. போன நேரத்தையும் எடுத்துப் போட்டு இந்த அம்மாவின் வாயை அடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நல்ல எண்ணத்தில் நான் பார்க்கவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்து நிமிஷம் வேண்டும் சார் என்றேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்றார்.

பைலை மறுபடி ஏற்றி மிக்கேல் படகின் அந்த ஆறு வாரத்தையும் எடுத்தேன். கரையை விட்டுக் கிளம்பிய நேரம்: காலை பத்து முப்பத்தைந்து. அடுத்த நாள் பத்து முப்பத்திரண்டு. அடுத்த நாள் பத்து முப்பத்தெட்டு.

கடலில் கால் வைக்காத எனக்கே தெரியும். டோக்கன் கொடுப்பது ஐந்து மணிக்கு. கொடுத்ததும் எல்லாப் படகும் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்கால் மாதிரி வரிசையாகப் போகும். ஆறு மணிக்குத் தளம் காலியாகிவிடும். பத்தரை மணிக்குக் கிளம்புகிறவன் எவனும் இல்லை. ஏற்றின ஐஸ் அதற்குள் தண்ணீராகிவிடும். எத்தனையோ நாள் வேலைக்கு வரும் வழியில் அந்த வெறும் தளத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். என் கண்ணால் பார்த்த விஷயம் அது. அதை நான் பைலில் தேடவே இல்லை.

மற்ற இருபத்தைந்தையும் எடுத்தேன். எல்லாம் பத்தரை. தெற்குத் தளத்துப் படகுகளை எடுத்தேன். எல்லாம் ஐந்து மணி ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மூன்றாவது தடவையாக ஏற்றினேன். இந்தத் தடவை எதையும் நீயாக முடிவு கட்டாதே, எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகவே கொண்டுவா என்று கட்டளையில் சேர்த்தேன். பெட்டி அனுப்பின வரி அப்படியே வந்தது. பழைய பெட்டிகளின் நேரத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் குறி இருந்தது. உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்கிறேன், உங்கள் நேரம் வேண்டுமானால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். தடைக்காலத்தில் பொருத்தின புதுப் பெட்டிகளின் வரியில் அந்தக் குறி இல்லை. அவை முதலிலேயே நம் ஊர் நேரத்தில் எழுதுகிறவை.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பெட்டிக் கம்பெனிக்காரர்கள் ஜூன் மாதமே எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் என் பழைய குறிப்பில் இரண்டு வகைப் பெட்டிக்கும் தனித்தனி வரி எழுதி வைத்திருந்தேன். வேகக் கட்டளை இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டது. நான் அந்த வரிகளைத் தூக்கிவிட்டு, நம் நேரத்தில் இருந்ததற்கும் சேர்த்து ஐந்தரை மணி கூட்டியிருக்கிறேன். சாயங்காலம் ஆறு நாற்பதுக்குப் பேரன் ஞானஸ்நானத்துக்காகச் சீக்கிரம் கரைக்கு வந்த மனுஷனை இரவு பன்னிரண்டு பத்துக்குக் கடலிலிருந்து இறக்கியது நான்.

மேனேஜர் கொண்டுவந்திருந்த காவலாளி நோட்டோடு பொருத்திப் பார்த்தேன். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம்தான் முன்னே பின்னே.

மேனேஜரிடம் திரையைக் காட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது. திங்கட்கிழமை திருத்தப் பட்டியல் அனுப்பிக்கொள்ளலாம், இப்போது மேலும் ஆராய வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. ஒப்பந்தம் போனால் பன்னிரண்டு பேருக்கு வேலை போகும். அதில் நானும் ஒருவன், ஜெயாவுக்குக் கல்லூரிக் கடைசி வருஷம் அது. நானும் ஒரு நிமிஷம் திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தேன். எதிரே அருளப்பன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். பெயர் வாசித்தது இங்கே. திருத்தம் திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சலில் போகும். வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலைவரை இந்த இரண்டு கூட்டமும் ஒரே கரையில் இருக்க வேண்டும்.

எழுந்து நின்றேன். "சார், பட்டியல் தப்பு. வடக்குத் தளத்துப் படகு இருபத்தாறும் ஒன்பதுக்கு முன்னாடியே வந்திருக்கு. பெட்டி சரியாத்தான் எழுதியிருக்கு. நேரத்தக் கூட்டுனதுல தப்புப் பண்ணினது நான்."

மண்டபம் ஆரவாரம் செய்யும் என்று எதிர்பார்த்தேன். யாரும் நம்பவில்லை. நாட்டுப்படகுப் பக்கம், அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு எதையோ கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். விசைப்படகுப் பக்கம், மாட்டிக்கொண்டதும் மாற்றிப் பேசுகிறான் என்று நினைத்தார்கள். அதிகாரி திரையை என் பக்கமிருந்து தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கிளம்பின நேரத்தை ஒவ்வொரு படகாகக் கேட்டார். நான் காட்டக் காட்ட அவருக்கு விளங்கியது. பட்டியலை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இருபத்தாறு படகுக்கும் டோக்கன் உண்டு, கூட்டம் முடிந்தது என்றார்.

வெளியே வந்ததும் மிக்கேல் வழியை மறித்தார். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.

"வேய், ஐஞ்சரை மணி நேரம். உமக்கு அது ஒரு வரி. எம் பேரு அங்கன வாசிச்சது வாசிச்சதுதான? அத எந்த வரியில அழிப்பீரு?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போய்விட்டார். அவர் நகர்ந்த இடத்தில் அருளப்பன் வந்து நின்றார்.

"சரி அண்ணாச்சி. இருபத்தாறு பேரும் இல்லன்னுட்டீங்க. எங்க வலைய அறுத்தது யாரு? மீனா?"

இதுதான் என்னை இன்றைக்கும் தின்கிறது. அந்தப் பட்டியலில் மீதி இருந்த இரண்டு தெற்குத் தளத்துப் படகுகள் நினைவிருக்கிறதா? அவற்றின் பெட்டி பழைய பெட்டி. நேரம் சரிதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு நாள் தாமதம்; அதில் மூன்று நாள், வலை அறுந்த நாளோடு பொருந்தியது. விட்டு விட்டு இருந்தது. மனுஷன் செய்கிற மாதிரி இருந்தது. தனியாக எழுதி மேனேஜர் மூலம் துறைக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. எப்படி வரும்? இருபத்தாறு தப்பாகப் போன பட்டியலில் மீதி இரண்டு மட்டும் சரி என்று எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? ஒரு தப்பான பட்டியல் நல்லவனை மாட்டிவிடுவதோடு நிற்பதில்லை. தப்புச் செய்தவனுக்குக் குடையும் பிடிக்கிறது. அருளப்பனின் வலைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அன்று மதியம் மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். கட்டளையைக் குறை சொல்வார், அல்லது என்னைக் குறை சொல்வார் என்று இருந்தேன். எத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள் என்று கேட்டார். மண்டபத்தில் இருந்த எல்லார் முன்னாலும் என்றேன். நல்லது என்றார். பிறகு, பழைய கட்டளைக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் திட்டினார். பத்து நிமிஷத்தில் இரண்டு தடவை ஏற்றிப் பார்த்தீர்களே, பழைய கட்டளையில் அது முடிந்திருக்குமா என்றார். யோசித்துப் பார்த்தேன். முடிந்திருக்காது. முதல் தடவை ஏறி முடியும் முன் கூட்டம் கலைந்திருக்கும். இருபத்தாறு படகும் கரையில் நின்றிருக்கும்.

ஆகையால் வேகத்துக்கு நான் எதிரி இல்லை. மிச்சமாகிற நேரத்தைச் சரிபார்ப்பதில் போடுங்கள். எல்லாவற்றையும் முதலில் எழுத்தாகவே ஏற்றுங்கள். எது நேரம், எது எண் என்று நீங்கள் சொல்லுங்கள், அது சொல்ல விடாதீர்கள். பட்டியல் நீங்கள் நினைத்த மாதிரியே வந்தால் மறுபடி ஏற்றுங்கள். கேட்டது வந்த நேரம் என்றால் போன நேரத்தையும் பாருங்கள்.

மறு வாரம் புதன்கிழமை காலை ரெஜினா அலுவலகத்துக்கு வந்தார். ஏலம் முடிந்து நேராக வந்திருந்தார். கையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று. படகு கட்டின நேரத்தைத் தானே தினமும் எழுதப் போவதாகவும், வாரம் ஒருமுறை எங்கள் பைலோடு பார்க்கப் போவதாகவும் சொன்னார். அதற்கு விதியில் இடம் இல்லை என்று மேனேஜர் இழுத்தார். விதியில் இடம் இருந்துதான் ஊர் முன்னாடி பேரு வாசிச்சீங்களா என்று ரெஜினா கேட்டார். மேனேஜர் தன் அறைக்குப் போய்விட்டார். அதிலிருந்து வாரா வாரம் வந்தார். அவர் நோட்டைப் படிப்பார்; நான் திரையைப் படிப்பேன். நான்கைந்து மாதத்தில் வடக்குத் தளத்தில் இன்னும் ஆறேழு வீட்டு நோட்டும் அவர் கையில் சேர்ந்து வந்தது. மிக்கேல் ஒருமுறைகூட வரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புதன்கிழமை, ஒரு நாள் பொருந்தவில்லை. அவர் நோட்டில் எட்டு இருபது. என் திரையில் எட்டு ஐம்பத்தைந்து. ஏற்றின முறையை மறுபடி பார்த்தேன், பெட்டி அனுப்பின வரியைப் பார்த்தேன், பக்கத்தில் கட்டின படகின் வரியைப் பார்த்தேன். ரெஜினா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல அண்ணாச்சி," என்றார் கடைசியில். "அன்னைக்கு நான் தளத்துக்குப் போவல. மருமகட்ட கேட்டுத்தான் எழுதுனேன். உங்க பொட்டி சரி."

பேனாவை வாங்கி எட்டு இருபதை அடித்தார். பக்கத்தில் எட்டு ஐம்பத்தைந்து என்று எழுதினார். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம்தான் பாக்கி என்பது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. இவரு ஏன் அவ்வளவு நேரம் நின்னாரு, வீட்டுல போய்க் கேக்கணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நோட்டை மூடிவிட்டு எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"நான் தப்பா எழுதிட்டேன்ங்கிறதுக்காக நீங்க சரின்னு ஆயிராது. முந்துன வாரத்தையும் சேத்து இன்னொருக்க ஏத்துங்க. நான் நிக்கேன்."

ஏற்றினேன்.